மைனஸ் 28 அதிகமா, குறைவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் ஃபைபர் நெட் அடிக்கடி நின்றுபோகிறது. பார்க்க வந்தவர் மீட்டரைச் செருகிவிட்டு, "பவர் மைனஸ் 28, லாஸ் அதிகம்" என்றார். வீட்டில் கரண்ட் ஒழுங்காகத்தானே இருக்கிறது?

பதில்: அவர் சொன்னது கரண்டை அல்ல, கண்ணாடி இழை வழியே உங்கள் வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவை. அதன் அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் ஒளி என்றால் 0. வீட்டுக்கு வருவது அதைவிட மிகமிகக் குறைவு என்பதால் கணக்கு எப்போதும் மைனஸில்தான். அளவு எவ்வளவு இறங்கியது என்பதை டிபி என்று சொல்வார்கள். 3 டிபி இறங்கினால் ஒளி பாதியாகிவிடும். அப்படியானால் மைனஸ் 22-இல் இருப்பவரைவிட உங்களுக்கு 6 டிபி குறைவு. இருமுறை பாதியாகி, அவருக்குக் கிடைப்பதில் கால்வாசிதான் உங்களுக்கு வருகிறது.

ஜிபான் (ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஃபைபர் முறை) வகை மோடம்கள் பெரும்பாலும் மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 25-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நிம்மதி. உங்களுடையது விளிம்பைத் தாண்டிவிட்டது. அதனால்தான் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் போகிறது.

ஒளி எங்கே போகிறது? ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலேயே சுமார் 17 டிபி போய்விடும். அது தெரிந்தே விட்ட இழப்பு. கேபிளின் நீளத்தால் கிலோமீட்டருக்கு 0.35 டிபி அளவில்தான் குறையும். ஆகவே "எக்ஸ்சேஞ்ச் தூரம் சார்" என்ற பதிலை உடனே ஏற்காதீர்கள். மழைக்குப் பிறகு என்பதால், தண்ணீர் புகுந்த ஜாயின்ட் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, ஜன்னல் சட்டத்தில் நசுங்கியோ ஆணி கிளிப்பில் இறுகியோ கிடக்கும் கேபிள். சாதாரண இழையை 3 செ.மீ. ஆரத்துக்கும் குறுக்கி வளைத்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசியும்.

மீட்டரை 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து, கம்பத்துப் பெட்டியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 2 டிபிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்கு இறங்கும் கேபிளில். கம்பத்திலேயே குறைவு என்றால் பக்கத்து வீட்டாரும் புலம்பிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மின்னுகிறது. ஆஃப் செய்து போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஒளியே வரவில்லை என்பதன் அடையாளம் அது. கேபிள் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். சிவப்பு இல்லாமல் 'பான்' விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் ஒளி வருகிறது, ஆனால் மோடம் இன்னும் பதிவாகவில்லை. அதற்கு ஃபோனில் புகார் சொன்னாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: பச்சை, நீலம் என இரு நிறக் கனெக்டர்கள் ஏன்? மாற்றிச் செருகலாமா?

பதில்: கூடாது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது. நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் சேர்த்தால் இடுக்கு விழும், ஒளி வீணாகும். முனையை விரலாலோ வேட்டி நுனியாலோ துடைக்காதீர்கள். ஒரு தூசியே போதும். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டம். டவுன்லோடு 12-க்கு மேல் ஏறவில்லையே?

பதில்: சரியாகத்தான் வருகிறது. திட்டம் பிட் கணக்கு, டவுன்லோடு பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.