வேண்டுமென்றே ஒரு வைரஸைப் பரப்ப யாருக்காவது காரணம் இருக்குமா?

இருக்கும், இருந்துமிருக்கிறது. மேய்ச்சல் நிலங்களை அழித்துக்கொண்டிருந்த முயல்களைக் கொல்ல, 1950ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமே மிக்ஸோமா வைரஸை வெளியில் விட்டது. 1952இல் போல் அர்மான்-தெலில் என்ற பிரெஞ்சு மருத்துவர், மதில் சூழ்ந்த தமது பண்ணையில் இரண்டு முயல்களுக்கு அதே வைரஸை ஊசி மூலம் ஏற்றினார். மதில் எதையும் தடுக்கவில்லை. மறு ஆண்டே நோய் பிரித்தானியாவை எட்டியது. ஆஸ்திரேலிய அரசுக்கும் அந்த மருத்துவருக்கும் காக்க நிலம் இருந்தது. அந்த நோய் மனிதரைத் தொற்றாது என்பதும் தெரிந்திருந்தது. மக்களின் அச்சத்தைப் போக்குவதற்காக ஃபிராங்க் ஃபென்னர் உள்ளிட்ட மூன்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் கொவிட்டை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அது ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. என்னைச் சீனாவின் ஆதரவாளன் என்று யாரும் எழுத வேண்டாம். 'வேண்டுமென்றே' என்ற பழி எங்கள் வீட்டின் மீதே விழுந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. 2020 தீபாவளிக்குச் சற்று முன்னர், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் தம்பி ஊர் திரும்பினான். கடை மூடப்பட்டு, சம்பளம் நின்று, படுத்துறங்கிய இடத்தையும் முதலாளி பூட்டிவிட்ட பிறகு அவன் வேறெங்கே போவான்? இரண்டு நாளில், கொழும்புப் பொடியன்கள் தெரிந்தே நோயைக் கொண்டுவந்து தோட்டத்தில் பரப்புகிறார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் முகநூலில் எழுதினார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார். எங்கள் வீடே ஒற்றை அறையான காம்பராதான். அதில் அம்மாவின் சேலையைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் தம்பியும் இந்தப் பக்கம் நாங்களுமாக இருந்தோம். லயத்தார் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா குடம் வைக்கக் கூடாது என்றார்கள். எல்லோரும் உறங்கிய பிறகே அவர் தண்ணீர் எடுத்தார்.

தன் தாயும் படுத்திருக்கும் அறைக்குள் நோயைக் கொண்டுவருவதில் அவனுக்கு என்ன இலாபம்? லயத்துக்கு இரண்டு பீலி இருந்திருந்தால், காம்பராவுக்கு இன்னோர் அறை இருந்திருந்தால், பாதிச் சண்டை வந்திருக்காது. தலைமுறைகளாகக் கேட்டும் அது கிடைக்கவில்லை. தம்பிக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. அந்த முகநூல் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை.