கணினிக் கேள்வி பதில்: கிரையப் பத்திரத்துக்கு ஒரு பொத்தான்

கேள்வி: அக்கா, தக்கலையில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். தினமும் நாலைந்து கிரையப் பத்திரம் அடிக்கிறோம். எல்லாவற்றிலும் கடைசிப் பத்திகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பதுதான் எங்கள் வழக்கம். வேர்டு 2016-இல் மேலே நாமே பொத்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே. ஒரு பொத்தானைத் தொட்டால் ஒரு பத்தி முழுதும் வந்து விழும்படி செய்ய முடியுமா?
— வாசகி, தக்கலை

பதில்: முடியும் மக்களே. இன்றைக்கே செய்துவிடு. நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பழைய ஃபைல் பழக்கம் போக வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

டைப்ரைட்டரை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். கல்குளம் தாலுகாவில் 11 சென்ட் நிலம், கிரையம். முந்தின நாள் அடித்த வேறொருவரின் பத்திரத்தைத் திறந்து, பெயர், சர்வே எண், விலை எல்லாம் மாற்றினேன். நான்கு எல்லையில் மூன்றை மாற்றியவள் வடக்கெல்லையை விட்டுவிட்டேன். நடைபாதை என்று இருக்க வேண்டிய இடத்தில் முந்தின ஆளின் ஓடை அப்படியே நின்றது. எழுதிக் கொடுத்தவர் வாசித்தார், வாங்கியவர் வாசித்தார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், பதிவும் ஆகிவிட்டது. வாங்கியவர் வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் அந்த ஓடை வெளியே வந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் போடலாமென்றால் விற்றவர் அதற்குள் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவர் லீவில் வரும்வரை அந்த மனுஷன் காத்திருந்தார். இன்றும் ஒரு பத்திரத்தைப் பார்த்தால் என் கண் முதலில் வடக்கெல்லைக்குத்தான் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் பத்தியை வேர்டின் நினைவில் வைக்க வேண்டும். அப்புறம் அதற்குப் பொத்தான்.

வில்லங்கம் இல்லை என்று உறுதி சொல்லும் பத்தியை எடுத்துக்கொள். ஒரு வெற்றுப் பக்கத்தில் சுத்தமாக அடி. ஆளுக்கு ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு அட் குறி போடு, மின்னஞ்சல் முகவரியில் வருமே, அதுதான். இடத்தை வெறுமையாக விடாதே, பழைய பெயரையும் விடாதே. மூன்று நட்சத்திரம் போடலாமா என்று தோன்றும், வேண்டாம். தனி வரியில் மூன்று நட்சத்திரம் அடித்து என்டர் தட்டினால் வேர்டு அதைக் கோடாக மாற்றிவிடும். இனி பத்தியைத் தேர்வு செய்து ஆல்ட்டோடு எஃப்3 அழுத்து. ஒரு சின்னப் பெட்டி வரும். பெயர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து, வில்லங்கத்துக்கு வி.எல். என்பதுபோல, புள்ளி இல்லாமல் கொடு. கேலரி என்ற இடத்தில் ஆட்டோடெக்ஸ்ட், சேமிக்கும் இடத்தில் நார்மல் என்று இருக்கட்டும். முதல் கட்டம் முடிந்தது. இப்போதே அந்த இரண்டெழுத்தை அடித்து எஃப்3 தட்டினால் பத்தி வந்துவிடும்.

அப்படியானால் பொத்தான் எதற்கு? நாம் தமிழில் அடித்துக்கொண்டிருப்போம். இரண்டெழுத்துக்காக விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, எஃப்3 தட்டி, திரும்பத் தமிழுக்கு வர வேண்டும். நாளுக்கு ஐம்பது முறை இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, மூன்றாம் நாளே பழைய ஃபைலைத் திறந்துவிடுவாய். பொத்தானில் இந்தச் சிக்கல் கிடையாது.

விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்துக்கொள். வியூ பட்டியில் மேக்ரோஸ், அதற்குள் ரெக்கார்டு மேக்ரோ. நாம் தட்டுவதைப் பதிவு செய்துவைத்து, கேட்கும்போது அப்படியே திரும்பச் செய்வதுதான் மேக்ரோ. மேக்ரோவுக்கு இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் கொடுத்துவிட்டு, சுத்தியல் படம் போட்ட பட்டன் என்பதைத் தொடு. க்விக் ஆக்சஸ் டூல்பார் பக்கம் திறக்கும். இடப்பக்கம் உன் மேக்ரோ நிற்கும், அதை ஆட் கொடுத்து வலப்பக்கம் கொண்டுபோ. அங்கேயே மாடிஃபை தொட்டால் படம் மாற்றலாம், காட்டும் பெயரையும் மாற்றலாம். ஓகே கொடுத்ததும் மவுஸ் முனையில் ஒரு கேசட் படம் ஒட்டிக்கொள்ளும். பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். இப்போது மவுஸை எழுத்துப் பக்கம் கொண்டு போகாமல் அந்த இரண்டெழுத்தை அடி, எஃப்3 தட்டு, பத்தி வந்ததும் அதே மேக்ரோஸ் இடத்தில் பதிவை நிறுத்து. அவ்வளவுதான். திரையின் மேல் மூலையில் உன் பொத்தான் நிற்கும். இடமிருந்து எண்ணி மூன்றாவதாக இருந்தால் ஆல்ட்டோடு 3 அழுத்தினாலும் வேலை செய்யும், மவுஸே வேண்டாம்.

பத்தியை நேராக மேக்ரோவுக்குள் ஒட்டினால் என்ன என்று சிலர் முயன்று பார்ப்பார்கள். மேக்ரோ எழுதும் அந்த ஜன்னலில் யூனிகோட் தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும். அதனால்தான் தமிழை ஆட்டோடெக்ஸ்டில் வைத்து, மேக்ரோவுக்கு இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் கொடுத்தோம்.

எதற்கெல்லாம் பொத்தான் வைக்கலாம் என்பதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். வில்லங்கமின்மை, சுவாதீனம் ஒப்படைப்பு, 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று முடிகிற பத்தி, சாட்சிகள் கட்டம், இவற்றுக்கெல்லாம் வை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்று ஆறு தாலுகாவுக்கும் எழுத்துப்பிழை இல்லாமல் ஆட்டோடெக்ஸ்ட் வைத்துக்கொள். இவற்றுக்குப் பொத்தான் தேவையில்லை. எல்லைகள், அளவு, சர்வே உட்பிரிவு, முன் ஆவண விவரம், இவற்றைக் கையால்தான் அடிக்க வேண்டும். நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் முன் ஆவணத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, வரும். 1118 என்று பார்த்தால் அது 1942-43. பழைய ஆட்கள் பிரமாணம் என்று சொல்லிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரல் வைத்துப் பார்த்து அடி.

அச்சுக்குக் கொடுக்குமுன் கன்ட்ரோல் எஃப் அழுத்தி இரண்டு அட் குறியைத் தேடு. ஒன்றுகூட இல்லை என்று வந்த பிறகுதான் பிரிண்டரைத் தொட வேண்டும். பழைய ஃபைலில் பழைய ஓடை சரியான வார்த்தை மாதிரியே உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அட் குறி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஆட்டோடெக்ஸ்ட், மேக்ரோ எல்லாம் நார்மல் என்ற ஃபைலில் இருக்கின்றன. சாதாரணமாக வேர்டை மூடும்போதுதான் அது வட்டில் எழுதப்படும். நமக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பொத்தான் செய்து முடித்ததும் வேர்டை ஒருமுறை மூடித் திற. அதோடு ஆப்ஷன்ஸில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று இருக்கிறதே, அது பொத்தான் வரிசையை மட்டும்தான் எடுத்துத் தரும். புதுக் கம்ப்யூட்டருக்குப் போகும்போது நார்மல் ஃபைலையும் சேர்த்து எடுத்துப் போகவில்லையென்றால் பொத்தான் இருக்கும், அழுத்தினால் எதுவும் வராது.

கேள்வி: மார்த்தாண்டத்தில் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறோம். பாமினி எழுத்துருவில் கன்னியாகுமரி என்று வரியைத் தொடங்கினால் சில நேரம் 'குன்னியாகுமரி' ஆகிவிடுகிறது. வைரஸா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வைரஸ் இல்லை தம்பி. பாமினியில் சின்ன எஃப் அடித்தால் க, பெரிய எஃப் அடித்தால் கு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது வேர்டின் பழக்கம். நீங்கள் அடிப்பது தமிழ் என்று அதற்குத் தெரியாது, ஆங்கில எழுத்தாகத்தான் பார்க்கிறது. இதே காரணத்தால் தெய்வம் 'தேய்வம்' ஆகும். கல்யாணப் பத்திரிகையின் முதல் வரியே 'தேய்வம்' என்று அச்சாகிப் போனால் பெண் வீட்டாருக்கு எப்படி இருக்கும்?

ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், பெரிய எழுத்து சம்பந்தமான குறிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஆங்கிலப் பத்திரிகையும் அடிப்பீர்கள் என்றால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு பொத்தான் வைக்கலாம். க்விக் ஆக்சஸ் டூல்பார் பக்கத்தில் ரிப்பனில் இல்லாத கட்டளைகள் என்ற பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் அதில் இருக்கும். இதற்கு மேக்ரோ எதுவும் வேண்டாம்.

கேள்வி: நான் வைத்த பொத்தான்கள் ஒரே ஒரு ஃபைலில் மட்டும் தெரிகின்றன. மற்ற ஃபைலைத் திறந்தால் காணவில்லை. ஏன்?
— வாசகி, குளச்சல்

பதில்: பொத்தான் சேர்க்கும் பக்கத்தின் வலது மேல் மூலையைப் பாருங்கள். எல்லா ஆவணங்களுக்குமா, இந்த ஆவணத்துக்கு மட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எல்லா ஆவணங்களுக்கும் என்று மாற்றிக்கொண்டு, பொத்தான்களை இன்னொரு முறை சேருங்கள். பழையவை அந்த ஒரு ஃபைலோடுதான் இருக்கும்.