கவர் கொடுத்தது யார்?

கேள்வி: பாகிஸ்தானில் மதவெறிக் கூட்டம் சாலையில் உட்கார்ந்தால் மந்திரி ராஜினாமா செய்கிறார், தீர்ப்புச் சொன்ன நீதிபதி நாட்டை விட்டே போகிறார். அந்த மக்களும் அந்த மதமும் அப்படித்தான் என்று பச்சையாக எழுத உங்கள் பேனா ஏன் கூசுகிறது? இப்படிப்பட்ட அமைப்புகளை ஒரே கையெழுத்தில் தடை செய்தால் அரசியல் சுத்தமாகிவிடாதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பேனா கூசவில்லை, கணக்குதான் இடிக்கிறது. மக்களே அப்படித்தான் என்றால் அது ஓட்டுப் பெட்டியில் தெரிந்திருக்க வேண்டும். பாகிஸ்தானின் முதல் பொதுத்தேர்தல் 1970இல் நடந்தது. இஸ்லாத்துக்கு ஆபத்து என்று ஊர் ஊராக முழங்கிய மதக்கட்சி ஜமாத்-ஏ-இஸ்லாமிக்குக் கிடைத்தவை 300 இடங்களில் 4. முஷாரஃப் ஆட்சியில், பெனாசிரும் நவாஸும் நாட்டுக்கு வெளியே இருந்த நேரத்தில், மதக்கட்சிகள் எல்லாம் ஒரே கூட்டணியாக நின்றன. 2002ஆம் ஆண்டின் அந்தத் தேர்தலிலும் அவை வாங்கியது சுமார் 11 சதவீதம். மக்கள் தராத அதிகாரம் பிறகு எப்படி இவர்கள் கைக்குப் போனது? கொடுத்தவர்களின் வரிசையைப் பார்த்தால் அதில் முல்லாக்கள் குறைவு. கோட்டும் சூட்டும் போட்டவர்கள், காக்கி போட்டவர்கள்தான் அதிகம்.

1953இலிருந்து பார்க்கலாம். தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிறுபான்மைப் பிரிவினரான அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவிக்கச் சொல்லி பஞ்சாபில் கலவரம். லாகூரில் ராணுவச் சட்டம் போடுமளவுக்குப் போயிற்று. விசாரித்தவர்கள் நீதிபதிகள் முனீரும் கயானியும். அவர்களின் 1954 அறிக்கை இன்றும் படிக்கத் தகுந்தது. "முஸ்லிம் என்பவர் யார்?" என்று உலமாக்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) ஒருவர் பின் ஒருவராகக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் சொன்னதுகூட ஒத்துப்போகவில்லை. இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். என் கண்ணை உறுத்துவது அதே அறிக்கையில் இருக்கும் வேறொரு விஷயம். கலவரத்துக்குத் தூபம் போட்ட பத்திரிகைகளுக்கு மாகாண அரசே பணம் கொடுத்திருக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து தெரியுமா? முதியோர் கல்வி நிதியிலிருந்து! முதலமைச்சர் தௌல்தானா நிலச்சுவான்தார், படித்தவர், மதப்பித்து என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கலவரத்தின் சூட்டைக் கராச்சியில் இருந்த பிரதமர் நாஜிமுதீன் பக்கம் திருப்பிவிடலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. சில வாரங்களுக்குள் இருவருமே பதவியில் இல்லை.

அடுத்தவர் ஜுல்பிகார் அலி பூட்டோ. சோஷலிசம் பேசி ஜெயித்தவர், மதுக் கோப்பையை மறைத்து வைக்கும் பழக்கமும் இல்லாதவர். அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று 1974இல் அரசியல் சட்டத்தையே திருத்தியது அவருடைய ஆட்சிதான். 1953இல் தெருவில் நின்று கேட்டும் கிடைக்காததை 21 வருடம் கழித்து நாடாளுமன்றம் தட்டில் வைத்துக் கொடுத்தது. 1977 தேர்தலில் தில்லுமுல்லு என்று எதிர்க்கட்சிகள் கிளம்பியபோது மதுவுக்குத் தடை, சூதாட்டத்துக்குத் தடை, வெள்ளிக்கிழமை விடுமுறை என்று ஒவ்வொன்றாக அள்ளி வீசினார். போராட்டம் அடங்கவில்லை. ஜூலை 5ஆம் தேதி ஜியா-உல்-ஹக் ஆட்சியைப் பிடித்தார். மூத்த ஜெனரல்கள் பலரை ஒதுக்கிவிட்டு, இவர் வாலாட்டமாட்டார் என்று நம்பி பூட்டோவே தளபதியாக்கிய ஆள்! 1979இல் பூட்டோவைத் தூக்கில் போட்டார்கள்.

ஜியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலில் நின்று வராத ஒருவருக்கு ஆட்சி செய்ய ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். அவருக்குக் கிடைத்தது மதம். நபியை அவமதித்தால் மரண தண்டனை வரை போகும் 295-சி பிரிவு 1986இல் அவர் காலத்தில் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தும் எத்தனையோ ஆட்சிகள் மாறியாயிற்று, அந்தப் பிரிவின் மேல் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

பேச்சளவில் துணிந்த ஒருவர் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர். அந்தச் சட்டத்தில் சிக்கித் தூக்குத் தண்டனை பெற்ற ஆசியா பீபி என்ற ஏழைக் கிறிஸ்தவப் பெண்ணைச் சிறையில் போய்ப் பார்த்தார். 2011 ஜனவரி 4ஆம் தேதி அவருடைய பாதுகாப்புக் காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையாளி நீதிமன்றத்துக்கு வந்தபோது ரோஜா இதழ் தூவி வரவேற்றவர்கள் வக்கீல்கள்! மதரசாவைத் தாண்டாத கும்பல்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் மந்திரி ராஜினாமா 2017 நவம்பரில் நடந்தது. முகமது நபியே கடைசி நபி என்று தேர்தல் வேட்பாளர் தரும் உறுதிமொழியில் 'உறுதி கூறுகிறேன்' என்று இருந்த இடத்தில் 'நம்புகிறேன்' என்பது போல ஒரு மாற்றம். எதிர்ப்பு வந்ததும் அரசு அதைத் திருத்திப் பழையபடியே ஆக்கிவிட்டது. அதன் பிறகுதான், ஆம், அதன் பிறகுதான், காதிம் ரிஸ்வி என்ற மதத் தலைவரின் கட்சியான தெஹ்ரீக்-ஏ-லப்பைக் கூட்டம் இஸ்லாமாபாத்தின் வாசலில் ஃபைசாபாத் சந்திப்பை மறித்து உட்கார்ந்தது. போலீஸ் விரட்டிப் பார்த்தது, முடியவில்லை. அரசு ராணுவத்தைக் கூப்பிட்டது. ராணுவம் வந்தது, தரகராக! சட்ட மந்திரி பதவி விலக, கூட்டம் கலைந்தது. பிடிபட்டு விடுதலையான போராட்டக்காரர்களுக்குச் சீருடையில் இருந்த ஒரு மேஜர் ஜெனரல் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கவரில் வைத்துக் கொடுத்தார், ஊர் போக வழிச்செலவாம். வீடியோவில் நாடே பார்த்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்தைப் பற்றித் தன் தீர்ப்பிலேயே எழுதியது. அப்போது ஆட்சியில் இருந்த நவாஸ் ஷெரீஃப் கட்சியின் ஓட்டைப் பிரிக்க ஆள் தேவைப்பட்டது, ஆள் கிடைத்தது. அவ்வளவுதானே?

2018 தேர்தலில் ரிஸ்வி கட்சி 22 லட்சம் ஓட்டு வாங்கியது. இம்ரான் கான் தன் பங்குக்கு 295-சியைக் காப்போம் என்று மேடையேறிப் பேசி ஜெயித்தார். ஆசியா பீபியை உச்ச நீதிமன்றம் விடுவித்ததும் அதே கூட்டம் அவருடைய ஆட்சியை மறித்து உட்கார்ந்தது. அப்போது அவருக்கு அது மதவெறியாகத் தெரிந்தது.

இனி, 'அந்த மதம் அப்படித்தான்' என்ற உங்கள் பேச்சுக்கு வருகிறேன். பாக் ஜலசந்தியைத் தாண்டினாலே போதும். ஆக்ஸ்போர்டில் படித்த, ஆங்கிலிக்கன் வீட்டில் பிறந்த பண்டாரநாயக்கா, 1956இல் பிக்குகளை வீடு வீடாக ஓட்டுக் கேட்க வைத்துப் பிரதமரானார். வந்ததும் சிங்களம் மட்டும் சட்டம். மறு வருடம் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 1959 செப்டம்பர் 25ஆம் தேதி அதே வீட்டு வராந்தாவில் ஒரு பிக்கு அவரைச் சுட்டார். சதிக்குத் தலைவர் என்று தண்டனை பெற்றவர் களனி விகாரையின் புத்தரக்கித தேரர், 1956 வெற்றிக்கு ஓடியாடி உழைத்தவர். அவருடைய கோபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, அவர் சம்பந்தப்பட்ட கப்பல் கம்பெனிக்கு அரசு ஒப்பந்தம் கிடைக்காமல் போனது. பௌத்தம் கொல்லாமையைப் போதிக்கும் மதம் என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். (நம் நாட்டில், 1986இல் சில மாத இடைவெளியில் அயோத்தியில் பூட்டு திறந்ததையும், ஷா பானு தீர்ப்பை முடக்கச் சட்டம் வந்ததையும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.)

தடை விஷயம். 2021 ஏப்ரலில் இம்ரான் அரசு தெஹ்ரீக்-ஏ-லப்பைக்கைத் தடை செய்தது. நவம்பரில் அதே அரசு தடையை நீக்கியது. ஒரு மாதம் ஆகவில்லை, சியால்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் மேலாளரான இலங்கையர் பிரியந்த குமாரவை, மத வாசகம் இருந்த சுவரொட்டியைக் கிழித்தார் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்தே கொன்று உடலை எரித்தது. அங்கே எழுந்தது அந்தக் கட்சியின் கோஷம். 2025இல் மறுபடியும் தடை, இந்த முறை போட்டது நவாஸ் ஷெரீஃபின் கட்சி. தடை வரும், போகும். 295-சி அங்கேயே இருக்கிறது. தாசீர் கொல்லப்படுவதற்குச் சற்று முன் அந்தச் சட்டத்தைத் திருத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்திருந்தார் ஷெர்ரி ரஹ்மான், தாசீரின் கட்சிக்காரர். கொலை நடந்து ஒரு மாதத்துக்குள் அந்த மசோதா கைவிடப்பட்டது. அதை நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அறிவித்தவர் எந்த முல்லாவும் இல்லை. அதே கட்சியின் பிரதமர் கிலானி.