பழைய சர்வர் லைசென்ஸ் க்ளவுடுக்கு வருமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை எங்களுடையது. 2019 ஆகஸ்டில் வாங்கிய சர்வர் ஒன்றில் விண்டோஸ் சர்வர் 2019 ஸ்டாண்டர்டும், எஸ்.க்யூ.எல். சர்வர் ஸ்டாண்டர்டு என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் (4 கோர் லைசென்ஸ்) ஓடுகின்றன. ஏசி ரூம், யூ.பி.எஸ். பேட்டரி என்று செலவு கட்டுப்படியாகவில்லை, க்ளவுடுக்கு மாறப்போகிறோம். “இருக்கிற லைசென்ஸையே எந்த க்ளவுடுக்கும் கொண்டுபோகலாம், மாதம் 400 டாலருக்கு மேல் மிச்சம்” என்கிறார் வென்டார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதற்கு வென்டாரைக் கேட்டுப் பயனில்லை. சர்வர் பெட்டியையும் பழைய பில்லையும் பாருங்கள்.

முதலில் பெட்டி. பக்கவாட்டிலோ மேல்மூடியிலோ மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதிலோ சர்வர் பில்லிலோ ‘ஓ.ஈ.எம்.’ அல்லது ‘ஆர்.ஓ.கே.’ என்று இருந்தால், உங்கள் விண்டோஸ் அந்த இரும்புப் பெட்டியோடு பிறந்தது, அதோடுதான் போகும். க்ளவுடுக்கு வராது. சர்வர் வாங்கிய 90 நாளுக்குள் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (சுருக்கமாக எஸ்.ஏ.) சேர்த்து வாங்கியிருந்தால் கதை வேறு. ஆனால் சிறு நிறுவனங்களில் அப்படிச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் அதைப் பற்றிச் சொல்லக்கூட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எஸ்.ஏ. என்பது லைசென்ஸுக்கு மேல் ஆண்டுதோறும் கட்டுகிற ஒரு தொகை. பட்டியல் விலைப்படி பார்த்தால் லைசென்ஸ் விலையில் சுமார் 25 சதவீதம். புது வெர்ஷன் இலவசம் என்று சொல்லித்தான் விற்பார்கள். க்ளவுடுக்குக் கொண்டுபோகும் உரிமையும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. மென்பொருளுக்கு முழுக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், எஸ்.ஏ. நடப்பில் இல்லையென்றால் அது உங்கள் சொந்த சர்வரில் ஓடத்தான். சந்தா முறையில் எடுத்த லைசென்ஸுக்கு மட்டும் இந்த உரிமை கூடவே வரும்.

அடுத்து ‘எந்த க்ளவுடுக்கும்’ என்ற பேச்சு. விண்டோஸ் சர்வர் விஷயத்தில் இது தவறு. எஸ்.ஏ. இருக்கும் விண்டோஸ் லைசென்ஸை மைக்ரோசாஃப்டின் சொந்த க்ளவுடான அஸூரில் ‘ஹைப்ரிட் பெனிஃபிட்’ என்ற பெயரில் பயன்படுத்தலாம். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் சாதாரண மெஷின் (பலரும் பகிரும் சர்வரில் ஒரு பங்கு) எடுத்தால், எஸ்.ஏ. இருந்தாலும் விண்டோஸுக்கு அவர்களிடம் வாடகை கட்டித்தான் ஆகவேண்டும். உங்களுக்கென்று ஒரு முழு ஹோஸ்ட்டை, அதாவது நிஜ சர்வர் பெட்டியையே, தனியாக எடுத்துப் பழைய லைசென்ஸைப் போடும் வழி முன்பு இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் வாங்கிய லைசென்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. உங்கள் ஆகஸ்ட் பில் தேதி தப்பித்தாலும், ஓ.ஈ.எம். என்றால் அதனால் பயனில்லை. ஒரு சர்வருக்காக முழு ஹோஸ்ட் எடுப்பதும் வீண் செலவு.

எஸ்.க்யூ.எல். சர்வர் அப்படி அல்ல. எஸ்.ஏ. நடப்பில் இருந்தால் ‘லைசென்ஸ் மொபிலிட்டி’ என்ற உரிமையில் அஸூர், ஏ.டபிள்யூ.எஸ். இரண்டுக்குமே வரும். ஏ.டபிள்யூ.எஸ். போன்ற வெளி க்ளவுடில் நிறுவினால் 10 நாளுக்குள் மைக்ரோசாஃப்டுக்குச் சரிபார்ப்புப் படிவம் அனுப்ப வேண்டும். மறந்துவிடாதீர்கள். ஒரு மெஷினுக்குக் குறைந்தது 4 கோர் லைசென்ஸ் தேவை. உங்களிடம் சரியாக 4 இருக்கிறது, 4 வி.சி.பி.யூ. (க்ளவுடில் கோருக்குப் பதில் எண்ணும் அலகு) மெஷின் எடுத்தால் பொருந்திவிடும்.

இப்போது அந்த 400 டாலர். 4 வி.சி.பி.யூ. மெஷினுக்கு விண்டோஸ் வாடகை மணிக்கு வி.சி.பி.யூ. ஒன்றுக்கு 0.046 டாலர் கணக்கில் மாதம் சுமார் 134 டாலர். அஸூரில் எஸ்.க்யூ.எல். ஸ்டாண்டர்டு வாடகை மணிக்கு 0.40 டாலர், மாதம் 292. இரண்டையும் கூட்டினால் 426. வென்டார் இதைத்தான் மிச்சம் என்கிறார். விண்டோஸ் ஸ்டிக்கர் ஓ.ஈ.எம். என்றால் 134 போய்விட்டது. எஸ்.க்யூ.எல்.லுக்கு எஸ்.ஏ. காலாவதியாகியிருந்தால் 292-ம் போய்விட்டது.

காலாவதியானதற்கு மறுபடி எஸ்.ஏ. மட்டும் தனியாகப் போட முடியாது. புது லைசென்ஸோடு சேர்த்துத்தான் வாங்கவேண்டும். “அப்போ புதுசா வாங்கிடுங்க” என்பார் வென்டார். வாங்காதீர்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் 2022 ஸ்டாண்டர்டு 2 கோர் பேக்கின் பட்டியல் விலை 3,945 டாலர். இரண்டு பேக் 7,890, மூன்று ஆண்டு எஸ்.ஏ. சுமார் 5,900, ஆக மொத்தம் 13,800-ஐத் தொடும். அதே மூன்று ஆண்டு வாடகை, மெஷின் இரவும் பகலும் ஓடினால்கூட, 10,512 டாலர்தான். நீங்கள் ஒரே ஷிஃப்ட் ஓட்டுபவர் என்றால் இன்னும் குறையும். நாளுக்கு 12 மணி, மாதம் 26 நாள் என்று வைத்தால் எஸ்.க்யூ.எல். வாடகை மாதம் சுமார் 125 டாலர்தான். ஒன்று கவனம்: அஸூரில் விண்டோஸுக்குள் போய் ‘ஷட்டவுன்’ கொடுத்தால் மீட்டர் நிற்காது. போர்ட்டலில் நிறுத்தி, நிலை ‘டீஅலொகேட்டட்’ என்று மாறியதைப் பார்த்தபிறகே வீட்டுக்குப் போங்கள்.

எஸ்.ஏ. நடப்பில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்.க்யூ.எல்.லைக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு எஸ்.ஏ. சுமார் 1,970 டாலர், வாடகை 3,504. முழு நேரம் ஓடும் மெஷினுக்கு லாபம் தெளிவு.

அஸூரில் மெஷின் உருவாக்கும்போது ‘ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதா?’ என்று ஒரு கட்டம் வரும். டிக் செய்தால் விலை அங்கேயே குறையும். எந்த நம்பரும் கேட்காது, அந்த நேரத்தில் யாரும் சரிபார்க்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த டிக் உங்கள் நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழி. நான் பார்த்த ஒரு கொட்டேஷனில் ஆர்.ஓ.கே. விண்டோஸை வைத்துக்கொண்டு இந்தச் சலுகையை லாபமாகப் போட்டிருந்தார்கள். நாளை தணிக்கை வந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள், வென்டார் அல்ல. அதனால் எந்த லைசென்ஸை, எந்த ஒப்பந்த எண்ணின்படி கொண்டுபோகிறோம், எஸ்.ஏ. என்று முடிகிறது என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

எஸ்.க்யூ.எல்.லைக் கொண்டுபோனபின் பழைய சர்வரிலும் அதை ஓட்டக்கூடாது. அஸூருக்கு மாறும்போது 180 நாள் இரண்டு பக்கமும் ஓட்டச் சலுகை உண்டு. சோதனைக்கு மட்டும் ஒரு டேட்டாபேஸ் வேண்டுமென்றால் டெவலப்பர் எடிஷன் இலவசம், அதற்கு லைசென்ஸை வீணாக்கவேண்டாம்.

கேள்வி: எங்களிடம் ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன், 8 கோர் இன்டெல் சர்வருக்கு வாங்கியது. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் 8 கோருக்குச் சமமான மெஷினில் போடலாம்தானே?

பதில்: இல்லை, பாதிதான் கிடைக்கும். சொந்த சர்வரில் இன்டெல் ஜியான் கோருக்கு ஆரக்கிள் 0.5 என்று கணக்குப் போடும். அதனால் 8 கோருக்கு 4 பிராசஸர் லைசென்ஸ் வாங்கியிருப்பீர்கள். ஏ.டபிள்யூ.எஸ்., அஸூர் ஆகியவற்றில் அந்த 0.5 செல்லாது. ஹைப்பர் திரெடிங் (ஒரு நிஜ கோர் இரண்டு வி.சி.பி.யூ.வாகத் தெரியும் வசதி) உள்ள மெஷினில் 2 வி.சி.பி.யூ.வுக்கு ஒரு லைசென்ஸ். 4 லைசென்ஸுக்கு 8 வி.சி.பி.யூ., அதாவது 4 நிஜ கோர்.

அதே 4 லைசென்ஸை ஆரக்கிளின் சொந்த க்ளவுடுக்குக் கொண்டுபோனால் 8 கோர் முழுசாகக் கிடைக்கும். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், கடைக்காரர் தன் கடைப் பக்கம்தானே இழுப்பார். இந்தக் கணக்கு எழுதியுள்ள ஆரக்கிள் கொள்கைத் தாளிலேயே ‘இது தகவலுக்கு மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: டேலி கோல்டு லைசென்ஸை க்ளவுட் சர்வரில் போட்டு, பத்துப் பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்கலாமா?

பதில்: டேலியைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டு, அதே சீரியல் நம்பரால் புது சர்வரில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழைய மெஷினை அழித்துவிட்டு அப்புறம் சரண்டர் நினைவுக்கு வந்தால் அலைச்சல்தான்.

மாட்டிக்கொள்வது விண்டோஸ் பக்கம். விண்டோஸ் சர்வரில் ரிமோட்டாக இரண்டு பேர் நுழையலாம், அதுவும் நிர்வாக வேலைக்கு மட்டும். பத்துக் கணக்கர்கள் தினமும் நுழைய வேண்டுமென்றால் ஆளுக்கொரு ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் வேண்டும். க்ளவுட் விண்டோஸ் வாடகையில் அது சேராது. கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.