ஏரிக்கரைக் கேள்விகள்

ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்திக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஏரி, காடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு விடை எழுதுகிறார்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைப் பொக்லைன் வைத்து ஆழப்படுத்தினார்கள், கரையையும் உயர்த்தினார்கள். போன ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. எங்கள் ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. என்ன காரணம்?
(விவசாயி, கணியம்பாடி வட்டாரம்)

பதில்: ஏரிக்குள் நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. கரையில் ஏறி, மலை இருக்கும் திசையில் நடந்து பாருங்கள்.

என் அப்பா எங்கள் ஊர் நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பணியாளர். களத்தில் நெல்லாகத்தான் அவருக்குக் கூலி. ஆடிப் பதினெட்டு முடிந்ததும் மண்வெட்டியும் கொடுவாளுமாக நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, காப்புக்காட்டை விட்டுக் கானாறு வெளியே வரும் இடத்துக்குப் போவார். அங்கிருந்து ஏரி வரைக்கும் மூன்று மைல் வரத்துக்கால்வாய். கூழ்த் தூக்கைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போவேன். எந்த வளைவில் மணல் மேடு கட்டும், எங்கே கல் சரிந்து அடைக்கும், யாருடைய வரப்பு இந்த ஆண்டு ஒரு சாண் உள்ளே நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரப்புக்காரரை அங்கேயே கூப்பிட்டுச் சொல்வார். சண்டை வந்ததும் உண்டு. ஆனால் அடுத்த நாள் வரப்பு பின்னால் போயிருக்கும்.

அவர் காலம் ஆனபின் அந்த நடை நின்றுபோனது. எல்லோருக்கும் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது, ஏரியை நினைப்பவர் குறைந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏரியையும் தூர்வாரினார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே இருந்த வண்டலை எடுத்தார்கள், அது சரி. அதற்குக் கீழே இருந்த கருங்களியையும் விடாமல் டிப்பர் டிப்பராக ஏற்றினார்கள். அடியில் தண்ணீர் நிற்காத மஞ்சள் சவுட்டு மண் தெரிந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அந்தக் களி பல தலைமுறை மழை கொண்டுவந்து படியவைத்தது, தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைப்பது. ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் கார்த்திகையில் வந்த தண்ணீர் தை பிறப்பதற்குள் இறங்கிவிட்டது. நவரைப் பருவ நெல் நடவுக்கு மதகைத் திறக்க வழியில்லை.

ஆகவே உங்கள் ஊரில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தோண்டிய இடத்தில் களி மிச்சம் இருக்கிறதா என்று. அதைவிடப் பெரியது கால்வாய். எங்கள் கால்வாயில் ஒரு வீட்டுமனைக்குப் போகும் மண்பாதைக்காக இரண்டு சாண் அகலச் சிமெண்டுக் குழாயைப் போட்டு மேலே மூடியிருந்தார்கள். ஒரு கானாற்று வெள்ளம் அதற்குள் எப்படிப் போகும்? முட்டித் திரும்பி, அடுத்த பள்ளத்தில் இறங்கிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அவர்கள் ஏரி கோடி போனது எங்கள் தண்ணீரால்தான். உங்கள் ஊரிலும் அப்படி நடந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்படுகிறேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். வரத்துக்கால்வாய் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும், எத்தனை மீட்டர் அகலம் என்பது நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் தெரியும். அதை வைத்துக்கொண்டு அளந்து கல் நடும்படி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஒருவராகப் போகாதீர்கள். ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருக்கட்டும். எங்கள் ஊரில் அந்தக் குழாயை எடுத்துவிட்டுத் தரைப்பாலம் வைப்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. பாலம் வந்த ஆண்டே பாதி ஏரி நிறைந்தது. கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

வயலுக்கு வண்டல் வேண்டும் என்றால் 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இலவசமாக அனுமதி கிடைக்கிறது. மேல் வண்டலை மட்டும் எடுங்கள். கரையடியிலும் மதகடியிலும் மண்வெட்டி படக்கூடாது.

கேள்வி: ஏரிக்குள் இருக்கும் வேல மரங்களை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்று எங்கள் ஊரில் இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். சரியா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: எந்த வேல மரம் என்று முதலில் கேளுங்கள். சீமைக்கருவேலம் என்கிற வேலிகாத்தான் வேறு, கருவேலம் வேறு. வேலிகாத்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அதன் காயை ஆடும் மாடும் தின்று போகுமிடமெல்லாம் விதைத்துவிடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடுதான் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு இளைஞர்கள் கிளம்பியிருந்தால் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கருவேலம் நம் ஊர் மரம். எங்கள் பக்கத்தில் 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் ஏரிகளில் நட்டது. தண்ணீருக்குள் நின்றும் பிழைக்கும். ஏர் செய்வதற்கு அதன் கட்டைதான் வேண்டும் என்று எங்கள் தச்சர் காத்திருப்பார். நாரையும் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டுவதற்குச் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அந்த முள்மரத்தைத்தான் தேடி வருகின்றன. கூடு இருக்கும் மரத்தில் கைவைக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கல்காரர்களுக்கு இது என்றோ தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் போய் முறையிட்டு 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு வாங்கினார்கள்.

கேள்வி: கோடையில் புள்ளிமான்கள் ஊருக்குள் வந்து கிணற்றில் விழுகின்றன. நாங்கள் என்ன செய்வது?
(மாணவர், ஆம்பூர்)

பதில்: உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய்களைக் கட்டிப்போடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். காயமே இல்லாமல் பயத்தினாலேயே மான் செத்துவிடும். என் கண்முன் அப்படி ஒன்று நடந்தது, மறக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைக் கணக்கெடுத்து ஊராட்சியில் கொடுங்கள்.

மான் ஏன் வருகிறது என்பதையும் யோசியுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது சித்திரையிலும் கானாற்றில் ஆங்காங்கே மடு இருக்கும், மணலைக் கையால் பறித்தால் தண்ணீர் ஊறும். மான் அங்கேயே குடித்துவிட்டு மலைக்குத் திரும்பிவிடும். மணலை லாரியில் ஏற்றிய பிறகு ஊற்றும் போயிற்று, மடுவும் போயிற்று. மணல் இருந்தால்தான் ஆறு தண்ணீரைப் பிடித்துவைக்கும். எங்கள் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் ஆற்றுப் படுகையில் சிமெண்டு உறைகளை இறக்கி, மழைநீர் நிலத்துக்குள் போக வழி செய்தார்கள். நாட்டுக்கே தெரிந்த வேலை அது. வெயிலில் குழி எடுத்த அந்தப் பெண்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

கேள்வி: பழைய காலத்தில் ராஜாக்கள் ஏரி வெட்டினார்கள், இப்போது யார் வெட்டுகிறார்கள்?
(வாசகர், அரக்கோணம்)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே மகேந்திரவாடி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலின் கல்வெட்டில் ஏரியின் பெயர் 'மகேந்திர தடாகம்' என்று இருக்கிறது. ராஜா வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. 1858-இல் பாலாற்றில் கட்டிய அணைக்கட்டிலிருந்து போகும் கால்வாய்தான் பிற்காலத்தில் அந்த ஏரிக்குத் தண்ணீர் கொடுத்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு வருகிறது, பத்தாம் நூற்றாண்டில். புதிதாக ஏரி வெட்ட வேண்டாம், ஐயா. வாரியம் மாதிரி பத்துப் பேர், ஆண்டுக்கு ஒருமுறை கால்வாய் ஓரமாக நடந்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஏரியில் ஒரு பெரிய பறவை வருகிறது. வாயை மூடினாலும் அலகுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. அதற்கு அடிபட்டிருக்கிறதா?
(ஏழாம் வகுப்பு மாணவி, ஆரணி)

பதில்: இல்லை அம்மா, அடிபடவில்லை. அது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகே அப்படித்தான். குஞ்சாக இருக்கும்போது இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். சேற்றில் நத்தையைத் தேடிப் பிடித்து, அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் இழுத்துவிடும். அவ்வளவு பெரிய அலகுக்கு அத்தனை நுணுக்கமான வேலை! நீ கூர்ந்து பார்த்திருக்கிறாய், எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அடுத்த முறை பறவைகள் எழுந்து போன பிறகு, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய்க் கரையோரம் கிடக்கும் நத்தை ஓடுகளைப் பொறுக்கிப் பார். எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, எத்தனை முழுசாக இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.