எந்த விரல் நகர்ந்தது?

கிட்டார் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு கிட்டார் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடிகளின் அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மேஜர், மைனர், செவன்த், மேஜர் செவன்த், சஸ், டிமினிஷ்டு, ஆக்மென்டட் என்று ஏழு வகை. பன்னிரண்டு சுரத்துக்கும் சேர்த்து 84 கட்டங்கள். இதுவரை 19 மனப்பாடம். புதிதாக இரண்டு படித்தால் பழையது ஒன்று மறந்துபோகிறது. எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் தியரி பக்கம் போக வேண்டுமா? (கல்லூரி மாணவர்)

பதில்: முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுங்கள். கிழிக்க வேண்டாம், மேசை டிராயரில் கிடக்கட்டும்.

என்னிடமும் ஒன்று இருந்தது. உங்களுடையதைவிடப் பெரியது, 120 கட்டம். படித்து முடித்ததைப் பச்சைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வருவேன். எழுபதைத் தாண்டியபோது கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. அந்த வாரம்தான் பாடுகிற தோழி ஒருத்தி, “மேலே எட்ட மாட்டேன் என்கிறது, அரைச் சுரம் இறக்கி வாசியேன்” என்றாள். ஜி, சி, டி என்று மூன்றே கார்டு உள்ள பாட்டு. எழுபது கட்டம் தெரிந்த எனக்கு அந்த மூன்றை இறக்கத் தெரியவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், நான் இன்னும் கிட்டாரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, இப்போது உங்கள் கிட்டாரை எடுங்கள். மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். ஈ மேஜர் பிடியுங்கள்: ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் முதல் ஃப்ரெட். ஆறு கம்பியையும் மெதுவாக மீட்டுங்கள். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி மீட்டுங்கள். அது ஈ மைனர். வெளிச்சமாக இருந்த அறையில் யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

என்ன நடந்தது? நீங்கள் விரலை எடுத்த இடத்தில் ஒலித்தது ஜி ஷார்ப். எடுத்ததும் வெறும் ஜி. ஒரு ஃப்ரெட், அதாவது அரைச் சுரம். மற்ற ஐந்து கம்பிகளும் அசையவில்லை. அவற்றில் இருப்பதெல்லாம் ஈ, பி இரண்டும்தான், அவையே மாறி மாறி வருகின்றன.

இதையே ஏ மேஜரில் செய்து பாருங்கள். இரண்டாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் சி ஷார்ப்பை முதல் ஃப்ரெட்டுக்கு இறக்கினால் சி, கார்டு ஏ மைனர். டி மேஜரில் முதல் கம்பியின் எஃப் ஷார்ப்பை எஃப் ஆக்கினால் டி மைனர். மூன்றிலும் ஒரே ஒரு சுரம்தான் ஒரே ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. விரல்களை மாற்றி அடுக்க வேண்டியிருக்கலாம். அதை வைத்து இது வேறு கார்டு என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இறங்கிய அந்தச் சுரத்துக்கு மூன்றாம் சுரம் என்று பெயர். கார்டுக்குப் பெயர் தரும் ஆதாரச் சுரத்திலிருந்து எண்ணினால் மேஜரில் அது நான்காவது ஃப்ரெட்டில் வரும், மைனரில் மூன்றாவதில். ஐந்தாம் சுரம் இரண்டிலும் ஏழாவது ஃப்ரெட். ஆக மேஜர் என்றால் 0, 4, 7. மைனர் 0, 3, 7. இந்த எண்களை எந்தச் சுரத்திலிருந்து எண்ணினாலும் அந்தச் சுரத்தின் கார்டு கிடைத்துவிடும். உங்கள் 84 கட்டத்தில் 24 இத்தோடு முடிந்தது.

தியரிக்கென்று தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டாம். ஒரு கார்டிலிருந்து அதன் பக்கத்துக் கார்டுக்குப் போகும்போது “எந்த விரல் நகர்ந்தது, எந்தச் சுரம் மாறியது” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வேறு தியரி எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: ஈ மைனர், ஏ மைனர், டி மைனர் எல்லாம் எளிதாக வருகின்றன. சி மைனரும் ஜி மைனரும் மட்டும் ஏன் பார் கார்டாகவே (ஒரு விரலைக் கம்பிகள் மேல் குறுக்கே படுக்க வைக்கும் பிடி) காட்டப்படுகின்றன? யாரைக் கேட்டாலும் “அது அப்படித்தான்” என்கிறார்கள்.

பதில்: அப்படித்தான் என்பது பதிலே இல்லை. மேலே சொன்ன கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். சி மேஜரின் மூன்றாம் சுரம் ஈ. வழக்கமான பிடியில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது: நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒன்று, விரல் படாமல் ஒலிக்கும் முதல் கம்பியில் இன்னொன்று. நான்காம் கம்பியில் இருப்பதை ஒரு ஃப்ரெட் இறக்கிவிடலாம். திறந்த கம்பியை எங்கே இறக்குவது? அதற்குக் கீழே ஃப்ரெட் கிடையாது. ஜி மேஜரிலும் இதே கதை. அங்கே மூன்றாம் சுரம் பி, இரண்டாம் கம்பி திறந்தபடியே அதைத்தான் ஒலிக்கிறது.

அதனால் இறக்க முடிந்த வடிவத்தைக் கடன் வாங்குகிறோம். ஏ மைனர் வடிவத்தை மூன்று ஃப்ரெட் மேலே தள்ளி, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் சி மைனர். ஈ மைனர் வடிவத்தை அதே மூன்று ஃப்ரெட் தள்ளினால் ஜி மைனர். எல்லோரும் பயப்படும் எஃப் மேஜர்கூட ஈ மேஜரை ஒரு ஃப்ரெட் தள்ளியதுதான். படுக்க வைத்த விரல் என்பது கிட்டாரின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு நடப்பது போல.

கேள்வி: சி செவன்த், சி மேஜர் செவன்த் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. “மேஜர் செவன்த்” என்பதில் வரும் மேஜர், கார்டைப் பற்றியது அல்ல, ஏழாம் சுரத்தைப் பற்றியது. சி-யிலிருந்து மேஜர் ஸ்கேலில் (ஏழு சுர வரிசை) ஏழாவதாக வருவது பி. அதை அப்படியே சேர்த்தால் மேஜர் செவன்த். அரைச் சுரம் இறக்கி பி ஃப்ளாட்டாகச் சேர்த்தால் வெறும் செவன்த்.

கையில் பாருங்கள். சி மேஜர் பிடித்து இரண்டாம் கம்பியிலுள்ள ஆள்காட்டி விரலைத் தூக்கினால் சி போய் பி வரும், அது மேஜர் செவன்த். மிதப்பான, எங்கும் போக அவசரமில்லாத ஒலி. மறுபடி சி மேஜர் பிடித்து, சுண்டுவிரலை மூன்றாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். பி ஃப்ளாட் வந்துவிட்டது, அது சி செவன்த். இது நிற்காது, எஃப் கார்டுக்குப் போயாக வேண்டும் என்று அடம்பிடிக்கும். கவனித்தீர்களா, அந்தச் சுண்டுவிரல் உட்கார்ந்த இடத்தில் இருந்த ஜி காணாமல் போய்விட்டது. ஐந்தாம் சுரமே இல்லாத கார்டு. யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. மூன்றாம் சுரத்தை எடுத்துப் பாருங்கள், கார்டு மேஜரா மைனரா என்றே சொல்ல முடியாமல் போகும்.

அந்த அடம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஜி செவன்திலிருந்து சி-க்குப் போய்ப் பாருங்கள். ஜி செவன்தில் திறந்த இரண்டாம் கம்பி பி, முதல் கம்பியின் முதல் ஃப்ரெட் எஃப். இரண்டுக்கும் நடுவே ஆறு அரைச் சுரம், ஒன்றோடொன்று உரசும் ஜோடி. சி-க்குப் போகையில் பி ஒரு படி ஏறி சி ஆகிறது, எஃப் ஒரு படி இறங்கி ஈ ஆகிறது. இதற்கு உங்கள் ஆள்காட்டி விரல் செய்வது ஒரே வேலை: முதல் ஃப்ரெட்டிலேயே முதல் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குத் தாவுகிறது. தியரி புத்தகத்தில் இதற்குப் பல பக்கம் ஆகும்.

கேள்வி: எனக்கு வயது 61. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பாட்டு நின்றுவிடுகிறது. விரல் வேகம் இனிமேல் வருமா?

பதில்: வேகத்தை விடுங்கள் ஐயா. எல்லா விரலையும் தூக்கி மறுபடி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதுதான் நேரத்தைத் தின்கிறது. சி-யிலிருந்து ஏ மைனருக்கு மாற மோதிர விரல் ஒன்று நகர்ந்தால் போதும். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வரட்டும், மற்ற இரண்டும் ஒட்டியே இருக்கட்டும். சி, ஈ என்ற இரண்டு சுரம் இரு கார்டுக்கும் பொது என்பதால்தான் இப்படி. ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு மூன்று விரலும் அதே வடிவத்தில் ஒரு கம்பி தள்ளிப் போகின்றன. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து நான்கு தட்டுக்கு ஒரு மாற்றம் செய்து பாருங்கள். விரல் நுனி வலிக்கும்போது நிறுத்திவிடுங்கள், தோல் கெட்டியாகச் சில வாரம் ஆகும்.

கேள்வி: சஸ் கார்டு எதற்கு? டிமினிஷ்டு, ஆக்மென்டட் அவசியமா?

பதில்: டி மேஜர் பிடியுங்கள். சுண்டுவிரலை முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் சஸ் ஃபோர். எடுத்தால் டி. அங்கேயுள்ள நடுவிரலையும் எடுத்துக் கம்பியைத் திறந்துவிட்டால் சஸ் டூ. மூன்றாம் சுரத்தை விலக்கிவிட்டு அண்டை வீட்டுச் சுரத்தை அதன் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. அடிக்கடி செய்தால் அலுக்கும். நான் ஒரு காலத்தில் எல்லாப் பாட்டின் முடிவிலும் செய்து எல்லோரையும் படுத்தியிருக்கிறேன்.

டிமினிஷ்டு 0, 3, 6. ஆக்மென்டட் 0, 4, 8. பாட்டில் எதிர்ப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சொந்தமாக மெட்டுப் போடுகிறேன். எந்தக் கார்டுக்குப் பக்கத்தில் எது பொருந்தும் என்று ஒவ்வொரு தடவையும் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். இதற்கு விதி உண்டா?

பதில்: தடவுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் தடவ வேண்டிய இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரம் எடுங்கள். கிடைப்பவை: சி மேஜர், டி மைனர், ஈ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், பி டிமினிஷ்டு. எந்த மேஜர் ஸ்கேலில் செய்தாலும் வகைகளின் வரிசை இதேதான். ஜி ஸ்கேலில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்டு. விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டு ஆட்கள் பட்டியல். விருந்தாளிகளும் வரலாம்.

இந்த ஏழுக்கும் எண் கொடுத்துப் பழகினால்தான் பிழைப்போம். என் தோழியின் பாட்டு ஜி, சி, டி, அதாவது 1, 4, 5. அரைச் சுரம் இறங்கினால் எஃப் ஷார்ப்பில் 1, 4, 5. நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு டி, ஜி, ஏ பிடித்தால் அதுவே கிடைக்கும், மூன்றும் முதல் மாதத்துக் கார்டுகள். இதை நான் கண்டுபிடித்தபோது அவள் வேறு கிட்டார்காரரோடு பாடத் தொடங்கிவிட்டாள்.

கேள்வி: கர்நாடக இசை வாய்ப்பாட்டு ஏழு வருடம் கற்றேன். அது கிட்டாருக்கு உதவுமா, இடைஞ்சலா?

பதில்: காதுக்கு உதவும். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேஜர் ஸ்கேலும் ஒன்றே. நடபைரவிக்கும் இயல்பான மைனர் ஸ்கேலுக்கும், கீரவாணிக்கும் ஹார்மோனிக் மைனருக்கும் அதே உறவு. ச, ப வைத்து அந்தர காந்தாரம் சேர்த்தால் மேஜர் கார்டு, சாதாரண காந்தாரம் சேர்த்தால் மைனர். ஆனால் இந்தப் பொருத்தம் சுர இடங்களோடு சரி. ராகத்தின் கமகத்தை மூன்று சுரத்தை ஒன்றாக அடித்துப் பிடித்துவிட முடியாது. இடைஞ்சல் ஒன்றுதான்: உங்கள் ச எங்கே வேண்டுமானாலும் நகரும், சி என்ற பெயர் நகராது. முதல் சில வாரம் தலை சுற்றும்.

கேள்வி: டியூனர் எல்லாக் கம்பியும் சரி என்கிறது. ஆனால் ஈ மேஜர் அடித்தால் மூன்றாம் கம்பி லேசாகச் சுருதி கூடுதலாகத் தெரிகிறது. காதால் திருத்தினால் ஈ இனிக்கிறது, சி மேஜர் கெட்டுவிடுகிறது. கிட்டாரில் கோளாறா?

பதில்: உங்கள் காது ரொம்ப நல்ல காது. கிட்டாரைச் சந்தேகப்படும் முன் ஒரு கணக்குப் பாருங்கள். ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால், அதோடு உரசாமல் கலக்கும் சி ஷார்ப் 550 ஹெர்ட்ஸ், விகிதம் 4-க்கு 5. ஃப்ரெட்டுகள் தருவதோ சுமார் 554. பன்னிரண்டு அரைச் சுரத்தையும் சம இடைவெளியில் வைத்தால்தான் எல்லா ஸ்கேலிலும் வாசிக்க முடியும். அதற்காக மேஜரின் மூன்றாம் சுரம் எல்லாமே கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கும்படி விட்டிருக்கிறார்கள்.

ஈ மேஜரில் மூன்றாம் கம்பிதான் அந்த ஜி ஷார்ப்பை ஏந்தியிருக்கிறது. அது இனிக்க வேண்டுமென்று கம்பியைத் தளர்த்துகிறீர்கள். அதே கம்பி சி மேஜரில் திறந்த ஜி, அங்கே அது ஐந்தாம் சுரம், இறக்கினால் உடனே தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. டியூனர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஈ மேஜரைச் சுற்றியே போகிற பாட்டாக இருந்தால் ஒரு மயிரிழை தளர்த்துங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். அடுத்த பாட்டுக்கு முன் ஏற்றிவிட மறக்காதீர்கள்.