கணுக்கால் ஏன் தானாக உடைகிறது? – பிளாஸ்டிக் மாடல் கேள்வி பதில்

ரோபோ, விண்கல பிளாஸ்டிக் கிட் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டு இந்த இதழில். ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

1/144 (அசலில் 144-இல் ஒரு பங்கு) அளவுள்ள குண்டம் என்ற ஜப்பானிய அனிமே ரோபோவின் பள்ளக் கோடுகளில் கறுப்பு எனாமல் வாஷ் (தின்னர் கலந்து நீர்த்த பெயிண்ட்) விட்டேன். மறுநாள் காலையில் கணுக்காலிலும் இடுப்பிலும் விரிசல். கையில் எடுத்ததும் கழன்று விழுந்துவிட்டது. கீழே போடவே இல்லை, பிறகு எப்படி உடைந்தது?
– வாசகர், திருநகர்

உடைத்தது எனாமல் தின்னர்தான். பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்டில் முளை துளையைவிட இம்மியளவு பெரிதாக இருக்கும். அந்த இறுக்கம்தான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. ஆகவே துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. வாஷைத் தாராளமாக விட்டால் தின்னர் இடுக்கு வழியே உள்ளே இறங்கித் தேங்கும். இழுபட்டிருக்கும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளுக்கு நடுவில் புகுந்து பிடியைத் தளர்த்தும். முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள், பிறகு முழு விரிசல். தனியாகக் கழற்றி வைத்த பாகத்தில் இதே தின்னரைத் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தின்னர், இழுவிசை இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதுதான் ஆபத்து.

ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த பாகங்களில் இது இன்னும் மோசம். எந்த பாகம் எந்த பிளாஸ்டிக் என்பது பாகங்கள் ஒட்டி வரும் சட்டத்தின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். வெட்டுவதற்கு முன் பார்த்துக் குறித்து வையுங்கள். மூட்டுகள் ஏ.பி.எஸ். என்றால் அங்கே எனாமல் வாஷே வேண்டாம். நுனி மெல்லிய மார்க்கர் பேனாவோ தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷோ போதும்.

சாதாரண பாலிஸ்டைரீன் பாகங்களுக்கு இந்த வரிசையில் போங்கள். கிட்டை முழுதாகக் கழற்றுங்கள். பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்து ஒரு நாள் காய விடுங்கள். 000 எண்ணுள்ள மிக மெல்லிய தூரிகையின் நுனியால் கோட்டின் ஒரு முனையைத் தொட்டால் வாஷ் தானாகவே ஓடும். தேங்குமளவு ஊற்றாதீர்கள். 15–20 நிமிடம் கழித்து, லைட்டர் ஃபுளூயிட் லேசாகப் பட்ட காட்டன் பட்ஸால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். நீளவாக்கில் துடைத்தால் கோட்டில் நிற்க வேண்டியதும் வந்துவிடும். மறுபடி பொருத்துவது அடுத்த நாள்தான். மிக இறுக்கமான முளைகளின் நுனியைச் சாய்வாகச் சீவிவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே போய்விடும்.

நிறத்தையும் மாற்றிப் பாருங்கள். வெள்ளைப் பாகத்தில் கறுப்புக் கோடு பள்ளிக்கூட வரைபடம் மாதிரி தெரியும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, கருநீலத்துக்கு மட்டும் கறுப்பு.

உடைந்த கணுக்காலை வெறும் பசை தாங்காது. இரு பக்கமும் 0.8 மி.மீ. துளையிட்டு, அதே தடிமனுள்ள பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு அரால்டைட் வைத்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

பத்து வயதுப் பையன் ஆசைப்படுகிறான். எதில் ஆரம்பிக்கலாம்?
– வாசகி, பாலமேடு

குண்டம் கிட்களைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனம் பண்டாயின் 'என்ட்ரி கிரேட்' வரிசை. பாகங்களைச் சட்டத்திலிருந்து கையாலேயே கழற்றலாம். பசை, பெயிண்ட் எதுவும் தேவையில்லை. கதைப்படி 18 மீட்டர் உயரமுள்ள ஆர்எக்ஸ்-78-2 குண்டம் ரோபோ 1/144 அளவில் 12.5 செ.மீ. வரும், சின்னக் கைக்கு அடங்கும். 1/60 'பெர்ஃபெக்ட் கிரேட்' 30 செ.மீ. நிற்கும், நூற்றுக்கணக்கான பாகங்கள். அதை முதல் கிட்டாக வாங்கிக் கொடுத்தால் பாதியிலேயே மூடி வைத்துவிடுவான். இரண்டாவது கிட்டுக்கு ஒரு நல்ல நிப்பர் (சிறு வெட்டுக் குறடு) வாங்கிக் கொடுங்கள். பாகத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி முதல் வெட்டு, மிச்சத்தை ஒட்டினாற்போல் இரண்டாம் வெட்டு. ஒரே வெட்டாக நெருக்கி வெட்டினால் பிளாஸ்டிக் வளைந்து, அந்த இடம் வெள்ளையாகும். அடர் நிறங்களில் அது பளிச்சென்று தெரியும்.

சூப்பர் குளூ போட்டு விண்கலத்தை ஒட்டினேன். காக்பிட் கண்ணாடி புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. நடுவில் ஒட்டிய கோடும் தெரிகிறது.
– வாசகர், மேலூர்

இரண்டு வேலைக்கும் சூப்பர் குளூ தவறான பசை. அதன் ஆவி காற்றின் ஈரத்திலும் விரல் ரேகையிலும் பட்டு வெள்ளையாகப் படிகிறது. கண்ணாடிப் பாகத்தை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். காய்ந்தால் நிறம் தெரியாது, பிதுங்கினால் ஈரத்துணியால் துடைக்கலாம். இப்போது படிந்திருக்கும் புகையை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வண்டிக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள்.

உடல் பாகங்களுக்கு பிளாஸ்டிக் சிமென்ட் வேண்டும். அது இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. இரண்டு பாதிகளை 1 மி.மீ. இடைவெளியில் பிடித்து, இரு விளிம்பிலும் மெல்லிய சிமென்டை இரண்டு முறை ஓடவிடுங்கள். பத்து விநாடி கழித்து, உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும் வரை அழுத்துங்கள். அந்த வரப்புதான் இடைவெளியை அடைக்கிறது. முழுதாக இரண்டு நாள் தொடாதீர்கள். பலர் மறுநாளே உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வழவழப்பாகத் தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கி, ஒரு வாரத்தில் பெயிண்டுக்கு அடியில் பள்ளமாக அதே கோடு திரும்பி வரும். காய்ந்த பிறகு 400, 600, 800 என்று ஏறுங்கள்.

பெயிண்ட் அடித்த முகத்தில் சிமென்ட் பிடிக்காது, சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். சிமென்டுக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் ஒட்டும் குளோரோஃபார்மைப் பயன்படுத்தலாமா என்று வேறு இருவரும் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது விஷம், மூடிய அறையில் கேடு.

சித்திரையில் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தூவும் கருவி) அடித்தால் பெயிண்ட் சொரசொரவென்று விழுகிறது. ஐப்பசியில் மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு) அடித்தால் வெள்ளை பூத்துவிடுகிறது. தவறு கையிலா, பெயிண்டிலா?
– வாசகர், உசிலம்பட்டி

இரண்டிலும் இல்லை, காற்றில். ஜப்பானிய பாட்டிலில் எழுதியிருக்கும் கலவை அளவு நம் வெயிலுக்குச் செய்ததல்ல.

40 டிகிரி வெயிலில் பெயிண்ட் துளி பாகத்தைத் தொடுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிடுகிறது. அப்படி விழுவது பரவாமல் தூளாக ஒட்டிக்கொள்ளும். லாக்கர் பெயிண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று தின்னர் என்பதைக் கோடையில் ஒன்றுக்கு இரண்டாக்குங்கள். கலவை பால் பதத்தில் இருக்கட்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கிடைத்தால் மொத்தக் கலவையில் 5 முதல் 10 சதவீதம். அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, 7–8 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டால் இத்தனையும் தேவைப்படாது. அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை நிறுத்திவிட்டு ஈரமான காட்டன் பட்ஸால் முனையைத் துடையுங்கள். ஏற்கெனவே சொரசொரத்துப் போனதை நன்றாகக் காய விட்டு, 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும்.

மழைக்காலச் சிக்கல் வேறு. லாக்கர் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாகத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலிருந்து நீர் அதன்மேல் படிந்து, காயாத படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளை. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று கிளியர் கோட் வேண்டாம். ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் தங்கிய மேட் பொடி கடைசியில் மொத்தமாக வந்து விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை ஐந்து நிமிடம் நிறுத்தினால் துளி மெல்லியதாகும். கொதிநீரிலோ அடுப்பிலோ வைத்தால் வெடிக்கும். வெள்ளை பூத்த மாடலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வறண்ட நாளில் அதன்மேல் பளபளப்பு லாக்கர் கோட் மெல்லியதாக அடியுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு மேட்.

ஆடிக்காற்றில் மொட்டை மாடியில் அடிப்பவர்கள் தூசியைத்தான் சேர்த்து ஒட்டுகிறார்கள். உள்ளே அடிப்பதானால் வெளிக்காற்றுக்கு வழி இருக்க வேண்டும். விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி ஏர்பிரஷுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள்.

டிகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படம்) ஒட்டினால் சுற்றிலும் வெள்ளைத் திட்டு. தரமில்லாத டிகாலா?
– வாசகர், செல்லூர்

போர் தண்ணீரில் ஊறவைக்கிறீர்களா? அப்படியானால் காய்ந்தபின் மிஞ்சும் உப்புதான் திட்டு. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள், ஒரு கிண்ணம் போதும்.

ஓரத்தில் இல்லாமல் டிகாலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்கினால் அது மாட்டிக்கொண்ட காற்று. மேட் பரப்பு மேடு பள்ளமானது. அதன்மேல் டிகால் முழுதாக உட்காராது. முதலில் பளபளப்பு கோட் அடியுங்கள். டிகாலை 10–15 விநாடி தண்ணீரில் முக்கி வெளியே எடுத்து, தானாக வழுக்கும் வரை ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்க விட்டால் அடியிலுள்ள பசை கரைந்துபோகும். டிகாலைப் பரப்பில் பிடிக்க வைக்கும் செட்டர் திரவம் இல்லாதவர்கள் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்து தடவலாம். வளைவுகளில் டிகாலை இளக்கும் சாஃப்ட்னர் போட்டதும் டிகால் சுருங்கும். பதறிக் கை வைத்துவிடாதீர்கள், தானாகப் படியும். அடங்காத குமிழை ஊசியால் குத்தி இன்னொரு துளி சாஃப்ட்னர் விடுங்கள்.

விண்கலத்தின் உடம்பில் குழாய், பெட்டி என்று நுணுக்கம் சேர்க்க வீட்டுக் குப்பையைப் பயன்படுத்தலாமா? சில ஒட்டுகின்றன, சில உதிர்கின்றன.
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

தாராளமாக. விண்வெளிப் படங்களுக்கு மாடல் செய்த கலைஞர்களே டாங்கி, கப்பல் கிட்களின் உதிரி பாகங்களைத்தான் விண்கல உடம்பில் ஒட்டினார்கள். உதிர்வது பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும். சிமென்ட் அவற்றைக் கரைக்காது, பெயிண்டும் நிற்காது. கண்டுபிடிக்க எளிய சோதனை: துண்டைத் தண்ணீரில் போட்டுக் காற்றுக்குமிழி போக அமிழ்த்திவிடுங்கள். மிதந்தால் வேண்டாம். பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும். மூழ்குவதெல்லாம் ஒட்டும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒரு சொட்டு சிமென்ட் விட்டுப் பிசுபிசுக்கிறதா பாருங்கள். பழைய சி.டி. டப்பாக்கள் அருமையான பாலிஸ்டைரீன். வெட்டிய சட்டக் கம்பிகளையும் எறியாதீர்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி இளகியதும் இழுத்தால் எந்தத் தடிமனிலும் குழாய் ரெடி.

எல்லா இடத்திலும் அப்பிவிட வேண்டாம். ஓரிடத்தில் நெருக்கமாக, பக்கத்தில் வெறும் தகடு. கண்ணுக்கு ஓய்வு இருந்தால்தான் விண்கலம் பெரிதாகத் தெரியும்.

இன்ஜினில் எல்.இ.டி. வைத்தேன். ஒன்று உடனே கருகிப் போனது. மற்றவை எரிந்தாலும் விண்கலத்தின் உடம்பே விளக்கு மாதிரி ஒளிர்கிறது.
– வாசகர், அவனியாபுரம்

ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்திருப்பீர்கள். கணக்கு எளிது. யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட். வெள்ளை, நீல எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும்; மிச்சம் 2. மாடலுக்கு 10 மில்லிஆம்பியர் வெளிச்சமே ஏராளம். 2 வோல்ட்டை 0.01 ஆம்பியரால் வகுத்தால் 200 ஓம். கடையில் 220 ஓம் கேளுங்கள். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போதும், ஆகவே 330 ஓம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர். சால்டரிங்கை வெளியில் முடித்து, ஆறிய பிறகு உள்ளே பொருத்துங்கள்.

ஒளி கசிவதைத் தடுக்க, ஒட்டுவதற்கு முன்பே உட்பக்கம் முழுக்கக் கறுப்பு, அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை நிறுத்தும், வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். மூடுவதற்கு முன் இருட்டறையில் எரியவிட்டு, கசியும் இடங்களில் இன்னொரு கோட் கொடுங்கள். ஜன்னல்களுக்கு 0.5 மி.மீ. ஃபைபர் ஆப்டிக் இழையை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ பட்டால் இழை மொறுமொறுப்பாகி ஒடியும். கண் கூசும் புள்ளியாகத் தெரிந்தால் எல்.இ.டி. தலையை 400 நம்பர் தாளால் தேய்த்துவிடுங்கள்.

முடித்த ரோபோவைக் காருக்குள் மதியம் வைத்திருந்தேன். வாளும் ஆன்டெனாவும் வளைந்துவிட்டன. நிமிர்த்த முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

முடியும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதுதான் இளகும். ஆனால் வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மெல்லிய பாகம் வளைய அவ்வளவு சூடு வேண்டியதில்லை, அதிலும் அது எதன்மீதாவது சாய்ந்திருந்தால். பாகத்தைக் கழற்றி, கொதித்து இறக்கிய தண்ணீரில் இடுக்கியால் பிடித்து சில விநாடி முக்குங்கள். வெளியே எடுத்து நேரான ஸ்கேலில் வைத்து அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்குங்கள். ஒரே தடவையில் முழுதும் நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும். இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள். டிகால் ஒட்டிய பாகம் என்றால் டிகால் போய்விடும், வேறு ஒன்று ஒட்ட வேண்டியிருக்கும்.